கடிகாரம் எங்கே ஆரம்பிக்கிறது: டெல்லியில் ஒரு புறநோயாளி வரிசை

கோப்பில் இருந்த கேள்வி ஒரே வரி. "புறநோயாளிப் பதிவுக்கு இன்னும் எத்தனை கவுண்ட்டர் திறக்க வேண்டும்?" டெல்லியில் உள்ள ஒரு பெரிய அரசு மருத்துவமனை கேட்டது, அமைச்சகம் வழியாக எங்கள் பிரிவுக்கு வந்தது. கூடவே மூன்று மாதத்துக் கணினிப் பதிவும் வந்தது. டோக்கன் கொடுத்த நேரம், டாக்டர் அறைக்குள் கூப்பிட்ட நேரம், இரண்டும் அதில் இருந்தன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் காத்திருப்பு நேரம். அதன் சராசரி அப்படியொன்றும் மோசமாக இல்லை.

மருத்துவமனையின் பெயரையும் அங்கே எடுத்த எண்களையும் இங்கே எழுதப் போவதில்லை. கணக்கு எப்படிப் போகிறது என்று காட்ட வேண்டிய இடங்களில் முழு எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன்.

என் வேலையைப் பற்றி ஊரில் சொந்தக்காரர்கள் கேட்கும்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். பிளஸ் டூவில் வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு 'செயல்முறைகள் ஆராய்ச்சி' என்ற பாடம் நினைவிருக்கும். வடமேற்கு மூலை விதி, வோகலின் தோராய முறை என்று கட்டம் போட்டுச் செய்வோமே, அதுதான். ஆங்கிலத்தில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச், ஆபீசில் ஓ.ஆர். என்போம். இருக்கிற ஆளையும் நேரத்தையும் எப்படிப் பயன்படுத்தினால் நல்லது என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலை. பிரிட்டனில் அரசுத் துறைகள் முழுக்க இதற்கென்றே தனிப் பணிப்பிரிவு இருக்கிறது. இங்கே பெரும்பாலும் புள்ளியியல் அதிகாரிகளின் மேசையில் மற்ற வேலைகளோடு சேர்ந்து இதுவும் கிடக்கும். டெல்லியில் இதற்கென்றே இருக்கும் பெரிய இடம் மெட்கஃப் ஹவுசில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம்.

அந்தக் கூடத்தின் வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. பிரிட்டிஷ் கடலோர விமானப் படையோடு வேலை பார்த்த பிளாக்கெட் என்ற இயற்பியலாளரை, 1947-இல் நேரு இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு ஆலோசனை சொல்ல அழைத்தார். அந்தக் கடலோரப் படையில் நடந்த ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நீர்மூழ்கிக் கப்பல்கள் மேல் விமானம் போடும் வெடிகள் 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைக்கப்பட்டிருந்தன. விமானத்தைப் பார்த்ததும் கப்பல் அந்த ஆழத்துக்கு முழுகியிருக்கும் என்பது கணக்கு. பிளாக்கெட்டோடு வேலை பார்த்த ஈ. ஜே. வில்லியம்ஸ் என்ற இயற்பியலாளர் தாக்குதல் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். கப்பல் முழுகிவிட்டால் அது எங்கே போயிருக்கும் என்றே தெரியாது, வெடி வீண். கண்ணில் படும்போது அது நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கிறது. 25 அடிக்கு வையுங்கள் என்றார். வைத்தார்கள், அழிக்கப்பட்ட நீர்மூழ்கிகள் கூடின. விமானம் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை.

சரி, கவுண்ட்டருக்கு வருகிறேன்.

முதல் வாரம் நான் மேசையை விட்டு எழவில்லை. வரிசைக் கணக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. 1909-இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த எர்லாங் தொடங்கி வைத்தது. ஒரு கவுண்ட்டர், ஒருவருக்குச் சராசரி 3 நிமிடம், ஆட்கள் தற்போக்காக, அதாவது ஒரு ஒழுங்கில்லாமல் அவரவர் நேரத்துக்கு வருகிறார்கள், பதிவு நேரமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று வையுங்கள். கவுண்ட்டர் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் வரிசையில் சராசரிக் காத்திருப்பு 12 நிமிடம். 90 சதவீதமானால் 27 நிமிடம். 95 ஆனால் 57. குமாஸ்தா கொஞ்ச நேரம் சும்மா இருப்பதைப் பார்த்து, "ஆள் அதிகம், ஒரு கவுண்ட்டரை மூடலாம்" என்று எழுதும் அதிகாரிகளுக்கு இந்த மூன்று எண்களைத்தான் காட்டுவேன். அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் வரிசையை அடக்கி வைத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 90 சதவீத வேலையில் இரண்டு கவுண்ட்டருக்கு இரண்டு தனி வரிசை என்றால் 27 நிமிடம். அதே இரண்டு கவுண்ட்டருக்கும் ஒரே வரிசை என்றால் 13 நிமிடத்துக்கும் குறைவு. ஆளும் கூடவில்லை, செலவும் இல்லை. இதை எழுதி, கூடவே இரண்டு கவுண்ட்டர் கேட்டு, அறிக்கையை முடித்துவிட்டேன். கணக்கில் தப்பில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

அனுப்புவதற்கு முந்தின நாள் பதிவை மறுபடி புரட்டியபோது ஒரு விஷயம் உறுத்தியது. தினமும் முதல் டோக்கன் 8 மணிக்கு. அதற்கப்புறம் ஒரு நொடி இடைவெளி இல்லாமல், எல்லாக் கவுண்ட்டரிலும், சீராக டோக்கன் போய்க்கொண்டே இருக்கிறது. தற்போக்காக வருகிறவர்கள் இப்படி வர மாட்டார்கள். கவுண்ட்டர் திறப்பதற்கு முன்பே எல்லாரும் அங்கே நின்றிருந்தால்தான் பதிவு இப்படி இருக்கும்.

மறுநாள் விடிகாலை ஆர்.கே.புரத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். டிசம்பர் மாதம். மெட்ரோ இன்னும் ஓடத் தொடங்கவில்லை. 4.20-க்கு மருத்துவமனை கேட்டுக்கு வெளியே நின்றேன்.

முதலில் ஆட்கள் கண்ணில் படவில்லை, செருப்புகள்தான் தெரிந்தன. சுவரை ஒட்டி, கேட்டிலிருந்து வளைந்து, தெருவிளக்கு முடியும் இடம் வரைக்கும் ஒரு வரிசை. ஒற்றைச் செருப்பு, பிளாஸ்டிக் பாட்டில், செங்கல் வைத்த பை, மடித்த அட்டை. ஒவ்வொன்றும் ஒரு ஆளின் இடம். ஆட்கள் எதிர்ப்புறம் டீக்கடைத் தீயைச் சுற்றியும், கம்பளிக்குள்ளும் இருந்தார்கள். ராஜஸ்தான் பக்கத்துக்காரர் ஒருவர் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் வருகிறவர்கள் பெயரை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதும் அந்த எண்ணை அவரவர் உள்ளங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் குறித்துவிட்டார். அவர் மருத்துவமனை ஊழியர் இல்லை, அண்ணனை அழைத்து வந்தவர். வரிசையில் சண்டை வராமலிருக்க ஒவ்வொரு நாளும் முதலில் வருகிறவர் இந்த நோட்டை எடுத்துக்கொள்வார், அதுதான் வழக்கம் என்றார்.

அந்த நோட்டைக் கொஞ்ச நேரம் கையில் வாங்கிப் பார்த்தேன். மருத்துவமனை 8 மணிக்குத் தரும் டோக்கனை நோயாளிகள் தங்களுக்குள்ளேயே ராத்திரி 2 மணியிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மூன்று மாதத்துப் பதிவை வைத்துக்கொண்டு அலசியதெல்லாம் இந்த வரிசையின் கடைசித் துண்டு. அவர் அனுமதியோடு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர்கள் வந்த நேரத்தைக் கேட்டு என் தாளில் குறித்துக்கொண்டேன். பெயர் வேண்டாம், எண்ணும் நேரமும் போதும். இந்த ஆய்வின் முதல் உருப்படியான தரவு அதுதான்.

என் இந்தியைக் கேட்டுவிட்டு ஒரு அம்மா, "தம்பி தமிழா?" என்றார். கள்ளக்குறிச்சிப் பக்கம். ஜங்புராவில் நாலு வீட்டில் வேலை செய்கிறார். சர்க்கரை. கம்பளிக்கு மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றியிருந்தார்.

"எத்தனை மணிக்கு வந்தீங்கம்மா?"

"மூணேகாலுக்கு. போன வாரம் அஞ்சு மணிக்கு வந்தேன், நம்பர் முடிஞ்சி போச்சின்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு நாள் வேல போச்சி."

"புதுசா காட்ட வந்தீங்களா?"

"இல்ல தம்பி. மாசாமாசம் வரணும். டாக்டருதான வரச் சொன்னாரு." கொஞ்சம் நிறுத்தி, பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்துக் காட்டினார். அதில் 30 நாள் கழித்து வரச் சொல்லி டாக்டரின் கையெழுத்து. "அவரு வரச் சொன்னதுக்கே நான் ராத்திரில வந்து நிக்கணுமா?"

டெல்லியில் அந்தச் சீட்டைப் பர்ச்சி என்பார்கள். அவர் கையிலிருந்த பர்ச்சியில் தேதி இருந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், அவர்களே எழுதிய தேதி. ஆனால் அந்தத் தேதிக்கு அங்கே இடம் எதுவும் ஒதுக்கி வைக்கவில்லை. அந்த அம்மா முன்பின் தெரியாத புதிய நோயாளிகளோடு முதலிலிருந்து போட்டி போட வேண்டும். அன்று நான் பேசியவர்களில் பாதிக்கு மேல் அவரைப் போலத் திரும்பி வரச் சொல்லப்பட்டவர்கள்.

ஆபீசுக்கு வந்து அறிக்கையைத் தூக்கி ஓரமாக வைத்தேன். வேறு படம் போட்டேன்.

இங்கேதான் முழு எண்கள். 4 மணியிலிருந்து 8 மணிக்குள் சீராக 500 பேர் வந்து சேர்கிறார்கள் என்று வைப்போம். 8 மணிக்குக் கவுண்ட்டர்கள் திறந்து, எல்லாமாகச் சேர்ந்து மணிக்கு 200 பேரைப் பதிவு செய்கின்றன. ஒரு கோடு ஆட்கள் வந்து சேர்வதற்கு, இன்னொரு கோடு பதிவாகி வெளியே போவதற்கு. இரண்டுக்கும் நடுவே உள்ள பரப்புதான் மக்கள் நின்ற மொத்த நேரம். ஒரு ஆள் ஒரு மணி நேரம் நின்றால் ஒரு ஆள்-மணி. 8 மணிக்கு முன்னால் 1,000 ஆள்-மணி. 8 மணிக்குப் பின்னால் இரண்டரை மணி நேரத்தில் 625 ஆள்-மணி. தலைக்கு முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் ஒண்ணேகால் மணி நேரம்.

இப்போது கவுண்ட்டரை இரட்டிப்பாக்குங்கள். பின்னால் உள்ள 625 பாதியாகி 312 சொச்சம் ஆகும். முன்னால் உள்ள 1,000 அப்படியே இருக்கும். உண்மையில் அது கூடவும் செய்யலாம், ஏனென்றால் அவர்கள் சீக்கிரம் வருவது கவுண்ட்டர் மெதுவாக ஓடுவதால் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை டோக்கன்தான் என்ற வரம்பு இருக்கிறது, முதலில் வருபவருக்கே டோக்கன் என்ற விதியும் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரை விடக் கால் மணி முன்னால் வந்தாக வேண்டும். காலையில் ஒரே பாலத்தைக் கடக்க எல்லா வண்டியும் முண்டுவதை வைத்து வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1969-இல் இந்த மாதிரிப் போட்டியைக் கணக்காக எழுதினார். பாலத்துக்காவது வண்டி கடைசியில் போய்ச் சேர்ந்துவிடும். இங்கே பின்தங்கினால் நாளையும் வர வேண்டும். அந்த அம்மா 5 மணியிலிருந்து மூணேகாலுக்கு நகர்ந்தது அப்படித்தான்.

ஆலோசனைக் கூட்டத்தில் இந்தப் படத்தைக் காட்டினேன். பதிவுப் பிரிவின் தலைமைக் குமாஸ்தா நல்ல மனிதர், 30 வருஷ சர்வீஸ். அவர் சொன்னார்: "சார், 8 மணிக்கு முன்னால் யார் வந்தாலும் அது எங்கள் கணக்கில் வராதே." அவர் சாக்குச் சொல்லவில்லை. அவருடைய கணினி அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது, அவரை எடைபோடும் மாதாந்திரப் படிவமும் அப்படித்தான். 'காத்திருப்பு நேரம்' என்ற தலைப்பின் கீழ் ஒரு எண் வருகிறது, எண் நன்றாக இருக்கிறது, மேலே போகிறது. அந்த அம்மா நின்ற ஐந்து மணி நேரம் அரசாங்கத்தின் எந்தத் தாளிலும் இல்லை. என்னை இந்த வேலையில் பிடித்து வைத்திருப்பது இதுதான். ஒரு வரையறை எங்கோ ஒரு படிவத்தில் எழுதப்படுகிறது, அதற்கு வெளியே விழுந்தவர்களை அதற்கப்புறம் யாரும் எண்ணுவதில்லை. எண்ணாததற்கு யாரும் நிதி கேட்கவும் முடியாது.

கூட்டத்தில் எல்லாரும் உடனே சொன்ன தீர்வு ஆன்லைன் பதிவு. அது இருக்கிறது, நல்லதும்கூட. அரசு மருத்துவமனைகளுக்கான இணைய வழிப் பதிவு 2015-இலிருந்தே உண்டு. கியூஆர் குறியீட்டை போனில் ஸ்கேன் செய்து டோக்கன் வாங்கும் முறை 2022 அக்டோபரில் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. பெயர், வயது, விலாசம் சொல்லித் தட்டச்சு செய்யும் நேரம் அதில் மிச்சம். ஆனால் எங்கள் வரிசையில் இருந்தவர்களிடம் கேட்டபோது நிறையப் பேர் கையில் பட்டன் போன். மொத்த டோக்கனில் பெரிய பங்கை ஆன்லைனுக்கு ஒதுக்கினால், நேரில் வருபவர்களுக்கு மிஞ்சுவது குறையும். அப்போது மூணேகால் இரண்டரை ஆகும். சராசரி அழகாக இறங்கும், அந்த அம்மாவுக்கு மோசமாகும். இதை நான் எழுத்தில் வலியுறுத்தினேன். பரிந்துரையில் நான் விட்டுக்கொடுக்க மறுத்த ஒரே இடம் அது.

நாங்கள் கேட்டது சின்னது. டாக்டர் "30 நாள் கழித்து வாங்க" என்று எழுதும்போதே, அந்த நாளில் ஒரு அரை மணி நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்படி வருபவர்கள் பதிவு வரிசைக்கே போக வேண்டாம், நேராகப் பிரிவுக்குப் போகலாம். புதியவர்களின் பங்கு அவர்களுக்கே இருக்கட்டும். சர்க்கரை நோய்ப் பிரிவில் மட்டும், வாரம் இரண்டு நாள் சோதித்துப் பார்க்க ஒப்புதல் கிடைத்தது.

அரை மணிக்கு எத்தனை பேர் என்பதில் பழைய ஆய்வு ஒன்று கைகொடுத்தது. 1952-இலேயே நார்மன் பெய்லி என்பவர் பிரிட்டிஷ் மருத்துவமனைகளின் புறநோயாளி வரிசைகளை வைத்து இதைக் கணக்கிட்டார். ஆரம்பத்தில் இரண்டு பேரை வரச் சொல்லுங்கள், அதற்கப்புறம் ஒருவரைப் பார்க்க ஆகும் சராசரி நேரத்துக்கு ஒருவர் என்று சொல்லுங்கள். டாக்டரும் சும்மா இருக்க மாட்டார், நோயாளியும் அதிகம் நிற்க மாட்டார். நாங்கள் அதைக் கொஞ்சம் தளர்த்தி, முதல் அரை மணிக்கு மட்டும் இரண்டு பேர் கூடுதலாக வைத்தோம். அந்த முதல் அரை மணியை 9 மணிக்கு வைக்கத்தான் முதலில் நினைத்தேன். டாக்டர்கள் வார்டு ரவுண்ட்ஸ் முடித்துக் கீழே இறங்க 9.30 ஆகிறது என்று பிரிவுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. 10 மணிக்கு மாற்றினோம்.

முதல் வாரம் குழப்பம். நான் வடிவமைத்த படிவத்தில் ஒன்பது பத்திகள். நேரம் எழுத வேண்டிய உதவியாளருக்கு எந்த அரை மணி நிரம்பியது, எது காலி என்று பார்க்க நேரமில்லை. எல்லாருக்கும் 10 என்று எழுதினார். எல்லாரும் 10-க்கு வந்தார்கள்.

வழி சொன்னவர் அந்தப் பிரிவின் நர்ஸ். கோட்டயத்துக்காரர், வேலூரில் படித்ததால் தமிழ் சரளம். "சார், இதுக்கு பார்ம் எதுக்கு? தினசரி காலண்டர் மாதிரி கிழிச்சுக் கொடுக்கற சீட்டு போதும்" என்றார். அப்படியே செய்தோம். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு சின்ன அட்டை. அதில் ஒவ்வொரு அரை மணிக்கும், எத்தனை பேரைப் பார்க்க முடியுமோ அத்தனை சீட்டுகள், நேரம் அச்சடித்து, பசை வைத்து ஒட்டியிருக்கும். ஒன்றைக் கிழித்து பர்ச்சியில் ஒட்ட வேண்டியதுதான். சீட்டுத் தீர்ந்தால் அந்த நேரம் தீர்ந்தது. எண்ண வேண்டாம், கணினி வேண்டாம். வரிசைக் கோட்பாட்டில் நான் படித்த எதையும் விட அந்த அட்டை அழகாக இருந்தது.

மாத்திரை விஷயம் மட்டும் நடக்கவில்லை. இலவச மருந்தகம் ஒரு மாதத்துக்குத்தான் மாத்திரை தருகிறது. சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்களில் பலர் டாக்டரைப் பார்ப்பதற்காக வருவதில்லை, மாத்திரைக்காகத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு மட்டும் இரண்டு மாத மாத்திரை கொடுத்தால் வரிசையின் ஒரு பகுதி உருவாகவே செய்யாது. இருப்பு, கொள்முதல், தணிக்கை என்று அது வேறு துறைகளுக்குள் போகிறது. இன்னும் கோப்பில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் நினைவூட்டல் அனுப்புகிறேன்.

மாதாந்திரப் படிவத்தில் ஒரு பத்தியைச் சேர்க்க முடிந்தது. பதிவு செய்ய வருபவர்களில் பத்தில் ஒருவரிடம் "எத்தனை மணிக்கு வந்தீர்கள்?" என்று கேட்டுக் குறிக்க வேண்டும். தலைமைக் குமாஸ்தாவே அதைத் தன் கவுண்ட்டரில் முதலில் தொடங்கினார். அந்தப் பத்தி வந்த முதல் மாதம், பல ஆண்டுகளாக நன்றாக இருந்த சராசரி ஒரேயடியாக மோசமானது. மேலிருந்து விளக்கம் கேட்டு போன் வந்தது. விளக்கத்தை நானே எழுதினேன்.

புதியவர்கள் இன்னும் விடிகாலையில்தான் வருகிறார்கள். அவர்களுக்கான வழி எங்களிடம் இன்னும் இல்லை. நோட்டுப் புத்தகமும் இருக்கிறது, ஆனால் சோதனை நடக்கும் நாட்களில் பக்கம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

அந்த அம்மாவின் பர்ச்சியில் 11 மணி என்று சீட்டு ஒட்டியிருந்தது. முதல் தடவை அவர் 6 மணிக்கே வந்துவிட்டார். நம்பவில்லை. நர்ஸ் உட்கார வைத்து, 11 மணிக்குக் கூப்பிட்டார். அடுத்த மாதம் 8.30-க்கு வந்தார். மூன்றாவது மாதம் காலையில் இரண்டு வீட்டு வேலையை முடித்துவிட்டு, பஸ் பிடித்து, 10.50-க்கு வந்தார்.